ஆவணி பிறக்கும்வரை யாருக்கும் தெரியாது

2025 ஜூன் 12, வியாழன்

கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. அவிநாசிப் பக்கம் யாரோ தூரத்துப் பங்காளி. உறையின் மேல் பச்சை மையில் "செல்வன் நாச்சிமுத்து". எனக்கு நாற்பத்து மூன்று வயது. மழை வருவதை வானிலை மையத்துக்கு முன்பே என் இடது முழங்கால் சொல்லிவிடுகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாதவன் எந்த வயதிலும் செல்வன்தான். எண்பதில் போய்ச் சேர்ந்தாலும் போஸ்டரில் அப்படித்தான் போடுவார்கள்.

நாச்சிமுத்து என்பது ஊரில். திரையில் நான் நவநீத். "நாச்சிமுத்துங்கற பேர்ல கிரைண்டர் விக்கலாம், காதலிக்க முடியாது" என்று முதல் இயக்குநர் மாற்றிவிட்டார். இப்போது நவநீத் என்ற பெயரில்தான் கிரைண்டர் விற்கிறேன். அவிநாசி சாலையில் நாற்பது அடி உயரத்தில், பட்டு வேட்டியோடு, ஒரு வெட் கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில்: "நம்ம ஊட்டு மாப்பிள்ளை".

பன்னிரண்டு ஆண்டுகளாக மாலை ஏழரை மணித் தொடரில் உத்தம மருமகன். கோயிலில் முன்பின் தெரியாத மாமியார்கள் என் கன்னத்தைத் தடவித் தங்கள் மருமகன்களைத் திட்டுகிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

ஆரிஃப் தோசை ஊற்றினான். நான் சட்னி. இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. இதை எழுதத்தான் இந்த நோட்டு.

அவனுக்கு டவுன்ஹால் பக்கம் குழாய், வாஷ்பேசின், டைல்ஸ் கடை. அம்மா சாயிரா பானு கோட்டைமேட்டில். இதே அடுக்ககத்தில் எனக்கு மேல் தளத்தில் அவனுக்கு ஒரு வீடு உண்டு. ஒன்பது ஆண்டுகளாக அந்த வீட்டு மின்மீட்டர் நகர்ந்ததில்லை. மீட்டர் பழுதா என்று பார்க்க வாரியத்திலிருந்து இருமுறை ஆள் வந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அவன் அம்மா கொடுத்தனுப்பும் கேரியரில் இரண்டு பேர் சாப்பாடு இருக்கும். மகன் அதிகம் சாப்பிடுகிறான் என்று நினைக்கிறார்களா? தெரியவில்லை. அவன் கேட்டதில்லை.

மாலை ஆனைமலைப் பக்கம் ஒரு சுற்று. அவன்தான் கார் ஓட்டினான். எனக்கு ஓட்டத் தெரியாது. தொடரில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். அந்தக் காரை ஆறு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

கோபியிலிருந்து அக்கா வந்தாள். ஆரிஃப் ஐந்தே நிமிடத்தில் மேல் வீட்டுக்காரனாகிவிட்டான். பழகிய கை.

அக்கா சண்முகப்பிரியா கையில் ஜாதகம். பெண் பெயர் லோகப்பிரியா. கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. முப்பத்தெட்டு வயது. பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

"பத்தாவது பொருத்தம் எதுங்கக்கா?"

"அது போச்சாது போ. ஒண்ணு இல்லாட்டி என்ன, கார் கூட ஸ்டெப்னி இல்லாம ஓடுதல்ல?"

பிறகு அழுதாள். எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டும் முன் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் சேர்ந்து நிற்க வேண்டும். இணைச்சீர். அது அவளுடைய உரிமை, அவளுடைய மேடை. அக்கா அதற்காகப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். "வருசத்துக்கு ஒருக்கா மடிப்பு மாத்தி வெக்கறேன் முத்து. சேலை நூலு உட்டுப்போச்சுன்னா நீதான் பொறுப்பு."

ஜூலை 2, புதன்

அக்கா பெண் வீட்டுக்குச் சரி சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. என்னை எப்போது கேட்டார்கள்? — நான்தான் எப்போது சொன்னேன்?

ஜூலை 6, ஞாயிறு

லோகப்பிரியாவைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்த வசனம். பாதியில் மறந்துவிட்டது. எனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஒருவரோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்கிறேன், அவர் ஆண், மன்னியுங்கள் என்று உளறி முடித்தேன்.

அவர் சொன்னார்: "ரொம்ப நன்றிங்க. எனக்கும் இஷ்டமில்லீங்க. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலீங்க. உங்க சீரியல் ஒரு நாளும் என்னால பாக்க முடிஞ்சதில்லீங்க."

பன்னிரண்டு ஆண்டுகளில் கிடைத்த முதல் நேர்மையான விமர்சனம்.

வைக்கும் முன் ஒன்று கேட்டார். "எங்க ஊட்ல நானே வேண்டாம்னு சொல்லிப்போடறனுங்க. ஆனா அடுத்த ஜாதகம் வருமல்லங்க? அந்தப் புள்ளைக்கு உங்க சீரியல் புடிச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

அந்தக் கேள்வியை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அறிக்கை எழுதினேன். முதல் வரைவு நான்கு பக்கம், இரண்டு அடிக்குறிப்பு. ஆரிஃப் படித்துவிட்டுச் சொன்னான்: "கொழாயைத் தொறந்தா தண்ணி வரணும். வரலாறு வரக்கூடாது."

பதினோரு வரைவுகளுக்குப் பின் நான்கு வாக்கியங்கள் மிஞ்சின. தன்பாலீர்ப்பாளன் என்ற சொல்லில்தான் தடுமாற்றம். ஏதோ அரசாங்கப் பதவி மாதிரி இருக்கிறது. மாவட்டத் தன்பாலீர்ப்பாளர், முகாம்: பெருந்துறை. ஆனால் வேறு எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் ஏற்கெனவே யாரோ காறித் துப்பியிருக்கிறார்கள். இது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது.

ஆரிஃப் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "என் பேரு, என் கடை, என் தெரு, மூணும் வெளிய வரக்கூடாது. அம்மாட்ட நான் சொல்ற அன்னைக்கு நானே சொல்லுவேன். ஊரு முந்தக்கூடாது."

"முந்தாது."

"முந்துச்சுன்னா நான் மேல போயிடுவேன் முத்து. நெசமாவே மேல் வீட்டுக்கு."

சிரிக்கவில்லை அவன்.

ஜூலை 20, ஞாயிறு

அறிக்கையை வீடியோவாகப் பேசி, காலை பத்தரைக்கு இணையத்தில் போட்டேன்.

"நான் தன்பாலீர்ப்பாளன். இனி யாரும் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்காமலிருக்க இதைச் சொல்கிறேன். மற்றவை என் வீட்டுக்குள் உள்ளவை, அங்கேயே இருக்கும். நன்றி."

ஆரிஃப் தோசை ஊற்றினான். இரண்டுமே கருகின.

ஜூலை 21, திங்கள்

தொலைக்காட்சியில் விவாதம். நான்கு பேர். ஒருவர் ஜோதிடர். நவநீத்தின் அந்தரங்கத்தை நாம் மதிக்க வேண்டும் என்று ஒருவர் நாற்பது நிமிடம் உருக்கமாகப் பேசினார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் என் வீட்டு வாசல் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நான் துவைத்துக் காயப்போட்ட துண்டு. எதிர் வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார்: "துண்டு விழப்போவுதுங்க, எடுத்துருங்க."

வாழ்த்து ஆயிரக்கணக்கில். வசை அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டிலும் எழுத்துப் பிழைகள் சம அளவில். ஒருவன் என் அம்மாவைப் பற்றி அசிங்கமாக எழுதியிருந்தான். அவள் போய்ச் சேர்ந்து ஏழு வருசமாச்சு. அவளை எதுக்குடா இழுக்கறீங்க. அவ என்ன பண்ணுனா.

சரி. போதும்.

ஜூலை 23, புதன்

மூன்று நாட்களாக எடுக்காத அக்கா இன்று எடுத்தாள். கோபம். ஆனால் நான் எதிர்பார்த்த கோபமில்லை.

"ஏன்டா முத்து, எனக்கு எப்பத் தெரிஞ்சுது தெரியுமா? கேஸ் சிலிண்டர் போட வந்தவன் சொன்னான். 'அக்கா, உங்க தம்பி வெசயம் பாத்தனுங்க'ன்னான். நான் என்ன வெசயம்னேன். அவன் செல்போனைக் காட்டறான். சிலிண்டர்காரனுக்கு அப்பறந்தான் நானா?"

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலதாங்கக்கா—"

"அதத்தான் சொல்றேன். எல்லாரும் நானும் ஒண்ணா?"

வைத்துவிட்டாள்.

ஜூலை 26, சனி

தாய்மாமன் செங்கோடன் வந்தார். எழுபத்து நான்கு வயது. அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம். வாழ்க்கையில் ஒரு கல்யாணத்துக்கும் தாமதமாகப் போனதில்லை; ஒரு சாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆள் இன்னும் உயிரோடிருந்தாராம்.

ஆரிஃப் மேலே போய்விட்டான். மாமா உட்கார்ந்தார். நான் வடை வைத்தேன்.

"மாப்ள, ஒண்ணு கேக்கோணும். இது நல்ல காரியமா, கெட்ட காரியமா?"

"ரெண்டும் இல்லீங்க மாமா. சும்மா ஒரு தகவல்."

"தகவல்னு ஒரு வகை நம்ம பக்கம் கெடையாது."

விளக்கினார். நல்ல காரியமென்றால் தட்டில் வெத்தலை பாக்கு பழத்தோடு வீடு வீடாகப் போக வேண்டும். உட்கார்ந்து சொல்லி, கை நனைத்து, போயிட்டு வாரோம் என்று எழ வேண்டும். கெட்டதென்றால் வாசலில் நின்றபடியே சொல்ல வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

"நீ டிவில சொன்னது ரெண்டாவது மாதிரி இருக்குது. வாசல்ல நின்னு நாலு வார்த்தை சொல்லிப்போட்டு, திரும்பிப் பாக்காம போயிட்டே. சனமெல்லாம் யாரு செத்தாங்கன்னு முழிக்குது."

இது என் சொந்த விசயம் என்றேன். "அதத்தான் நானும் சொல்றேன். சொந்தத்துக்குச் சொல்லாம ஊருக்குச் சொல்லியிருக்கறே" என்றார்.

இரண்டாவது வடையை எடுத்தார். யோசித்தார்.

"இதுல யாராச்சும் செத்துப் போனாங்களா?"

"இல்லீங்க."

"நீ யாரையாச்சும் ஏமாத்துனயா?"

"இல்லீங்க. ஏமாத்தக்கூடாதுன்னுதான்—"

"செரி. நீ நல்லா இருக்கறயா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் வசனம் இல்லை. "இருக்கறனுங்க மாமா."

"அப்பறமென்ன. நல்ல காரியந்தான்." வடையை முடித்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "ஆடி மாசத்துல போயி நல்ல காரியத்தைச் சொல்லியிருக்கறே பாரு. படிச்சவன்தானே நீ?"

முடிவு: ஆவணி வளர்பிறையில், மாமா தலைமையில், நாற்பத்திரண்டு வீடுகளுக்கு நேரில் போய் முறைக்குச் சொல்வது. அதுவரை சொந்தக்காரர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

"தெரியுமுங்க மாமா. டிவில—"

"டிவில வந்தா? சொல்லலயல்ல?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. குலதெய்வக் கோயிலில் பொங்கல். ஆவணிவரை யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை முழுக் கூட்டமும் கடைப்பிடித்தது. இவ்வளவு ஒழுங்கான நடிப்பைப் படப்பிடிப்பில் நான் பார்த்ததில்லை.

"அப்பறங் கண்ணு, சௌக்கியமா? விசேசம் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்க பெரியம்மா."

அவர் மடியிலிருந்த செல்போனில் நான் அந்த நான்கு வாக்கியங்களைப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கிரைண்டர் நிறுவன உரிமையாளர் ராமாமணியம்மாள் அழைத்தார். "ஏனுங் தம்பி, மாவாட்டறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்மந்தம்? கல்லு சுத்தறது ஒரே மாதிரித்தான் சுத்தும். ஆனா 'மாப்பிள்ளை'ங்கறதை மட்டும் யோசிக்கோணுமுங்க." யோசித்து முடியும்வரை அந்தச் சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார்கள். இப்போது அவிநாசி சாலையில் நான் "நம்ம ஊட்டு" என்பதோடு நிற்கிறேன். மிச்சம் காலியாக இருக்கிறது.

தொடரில் எனக்குக் கோமா. மக்கள் மனநிலை தெரியும்வரை படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நடித்த முதல் வாரமே பார்வையாளர்கள் கூடிவிட்டார்கள். நடிப்பில் முதிர்ச்சி தெரிகிறதாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. அமாவாசை கழியட்டும் என்கிறார் மாமா. நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள நினைத்தவன், நாற்பத்திரண்டு வீட்டுக் கதவைத் தட்டத் தயாராகிறேன்.

கார் யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. ஆரிஃப் சொன்னான்: "நானே வாரேன். நம்ம ஞாயித்துக்கிழமையெல்லாம் உங்க மாமா எடுத்துக்கிட்டாரு. டிரைவராவது இருந்துக்கறேன்."

வேண்டாம் என்றேன். ஆபத்து என்றேன்.

"டிரைவரை எவன் பாக்கறான்?"

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் வீடு, மாமாவின் வீடு. முறைப்படி தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆகவே எங்களோடு காரில் வந்தவர் தன் வீட்டு வாசலில் இறங்கி, உள்ளே போய், சட்டையை மாற்றி, வெளியே வந்து, "அடடே, வாங்க வாங்க!" என்றார். நான் தட்டை நீட்டிச் சொன்னேன். வியந்தார். பிறகு மறுபடி காரில் ஏறிக்கொண்டார்.

எல்லா வீட்டிலும் ஒரே காட்சி. மாமா தொண்டையைச் செருமுவார். "நம்ம முத்து வெசயத்தைச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தோமுங்க." வெசயத்துக்குப் பெயர் கிடையாது. "அப்படீங்களா! சந்தோசமுங்க. உக்காருங்க, சாப்புட்டுத்தான் போவோணும்." அவ்வளவுதான். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த கேள்விகளெல்லாம் இலை போட்ட பிறகு வரும்.

"பையன் எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"என்ன பண்றாருங்க?"

"வியாபாரமுங்க."

"குலங் கூட்டம் வேறதானுங்களே? ஒரே கூட்டமா இருந்தா பங்காளியாப் போயிரும். அது ஆகாது பாருங்க."

"வேறதானுங்க." இதைவிடத் துல்லியமாக நான் எந்த உண்மையையும் சொன்னதில்லை.

"பேரு?"

"அது மட்டும் வேண்டாமுங்க. அவங்க ஊட்ல இன்னும் சொல்லலீங்க."

இந்தக் காரணம் எல்லோருக்கும் உடனே புரிந்தது. சொல்லாமல் எப்படிப் பெயரை வெளியே விடுவது? தலையாட்டினார்கள். பிறகு வாசலைப் பார்த்து, "டிரைவர் தம்பி, நீங்களும் வந்து சாப்புடுங்க" என்று கூப்பிட்டார்கள். ஆரிஃப் வந்து வரிசையின் கடைசி இலையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய விசாரணையைக் கேட்டபடி ஏழு வீட்டிலும் சாப்பிட்டான்.

எட்டாவது வீடு, பெரியப்பா மகன். கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும்: "பொம்பளப் புள்ளைங்க இருக்கற ஊடுங்க. அக்கட்ட போயிருங்க." சின்ன வயதில் எனக்கு வாய்க்காலில் நீச்சல் சொல்லிக் கொடுத்த அண்ணன். மாமா என்னிடமிருந்து தட்டை வாங்கி, மதில் மேல் வைத்து, மூடிய கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "மொறைக்குச் சொல்லியாச்சு. போயிட்டு வாரோம்."



ஆகஸ்ட் 31, ஞாயிறு

பொள்ளாச்சி. அப்பாவின் தங்கை தெய்வாத்தாள் அத்தை. தேங்காய்க் களம், எழுபது வயது, எல்லா வேலையும் அவர் கண் பார்வையில்தான் நடக்கும்.

விசயத்தைக் கேட்டதும் நேராக ஏற்பாட்டில் இறங்கினார். "ஆளு அமைஞ்சுபோச்சா, இல்ல பாக்கோணுமா? இங்க கொப்பரை வியாபாரி மவன் ஒருத்தன் முப்பத்தஞ்சாகியும் கல்யாணமே வேண்டாங்கறான். நல்ல பையன். கேட்டுப் பாக்கட்டுமா?"

"அமைஞ்சிருச்சுங்கத்தை."

"அதான பாத்தேன். எந்த நேரமும் மூஞ்சியில தெளிச்சியா இருக்கறே."

சாப்பாடு. கூட்டில் கத்தரிக்காய். என் இலைக்குக் கரண்டி வந்தபோது நான் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தேன். வரிசைக் கடைசியிலிருந்து ஒரு குரல்: "அவருக்குக் கத்தரிக்கா வெக்காதீங்க. ராத்திரியெல்லாம் அரிக்கும்."

கரண்டி காற்றில் நின்றது. ஆரிஃப் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சோற்றைப் பார்த்தேன். மாமா, தன் எழுபத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக, ரசத்தைக் கேட்டு வாங்காமல் காத்திருந்தார்.

அத்தை எழுந்தார். நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்து கடைசி இலைக்குப் போனார். "தம்பிக்கு ஒண்ணுமே போடலயே. நல்லாச் சாப்புடுங்க கண்ணு. வண்டி ஓட்டறது லேசுப்பட்ட வேலையா?" ஒன்றல்ல, மூன்று கரண்டி.

கிளம்பும்போது டிக்கியில் ஒரு மூட்டைத் தேங்காய். மாமாவுக்கு ஒரு வேட்டி, எனக்கு ஒரு வேட்டி, "டிரைவருக்கு" அதே கரையில் ஒரு வேட்டி.

கிணத்துக்கடவு தாண்டியதும் மாமா பேசினார். காலையில் "தம்பி, அங்க நிறுத்து" என்றவர். "ஏனுங் தம்பி, ஏசியைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. உங்களுக்குத் தொந்தரவு இல்லீன்னா."

செப்டம்பர் 9, செவ்வாய்

யூடியூப் சேனல் ஒன்று "யார் அந்த அவர்?" என்று நாள் எண்ண ஆரம்பித்திருக்கிறது. ஒரு வாரத்தில் பெயரோடு வருவார்களாம். நிருபர் ஒருவர் கேமராவோடு கொங்கு முழுக்கச் சுற்றுகிறார். என் அந்தரங்கத்தை மதிப்பதாக வீடியோவின் தொடக்கத்தில் எழுத்து ஓடுகிறது.

நாற்பத்திரண்டு வீடு, கோபியில் அக்கா வீடு உட்பட. ஒவ்வொன்றிலும் அவன் சாப்பிட்டிருக்கிறான். நாற்பத்தொரு வீட்டில். நான்தான கூட்டிட்டுப் போனேன். நானே ஒவ்வொரு ஊடா அவனைக் காட்டீட்டு வந்திருக்கறேன். என்ன புத்தி எனக்கு. அத்தைக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். அப்புறம் யாருக்குத்தான் தெரியாது?

ஆரிஃப் சண்டை போடவில்லை. பல்துலக்கியை எடுத்துக்கொண்டான். "முந்தாதுன்னு சொன்னே" என்றான்.

மேல் வீட்டில் விளக்கு எரிகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

அவன் அம்மாவின் கேரியரை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு பேர் சாப்பாடு. ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கேரியரை மேலே படிக்கட்டில் வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தோசை இல்லை. மின்வாரியத்தில் சந்தோஷப்படுவார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வீடியோ வந்துவிட்டது. பதினெட்டு நிமிடம். கையில் குளிர்ந்த காபியோடு பார்த்தேன்.

பெரும்பகுதி நிருபர் சாப்பிடுகிறார்.

முதல் வீட்டில் கேள்வி கேட்கிறார். "மொதல்ல உக்காருங்க தம்பி, வெய்யில்ல வந்திருக்கறீங்க" என்று இலை போடுகிறார்கள். இரண்டாவது வீட்டில் பெயர் தெரியுமா என்கிறார்; "அதெல்லாம் நமக்கெங்கங்க தெரியுது, இன்னொரு பணியாரம் வெச்சுக்குங்க." நாலாவது நிமிடத்தில் கோபி. அக்கா வாசலில் நிற்கிறாள். மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை.

"உங்க தம்பிகூட இருக்கறவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியுமே."

"யாருங்க?"

"உங்களுக்கு எதுக்குங்க? எங்க தம்பி எங்ககிட்ட மொறைக்கு வந்து சொன்னான். உங்க ஊட்டுக்கு வந்து சொன்னானா?"

"இல்லைங்க..."

"அப்பறமென்னங்க. மோர் குடிக்கறீங்களா?"

பன்னிரண்டாவது நிமிடம், ஒரு மூடிய கதவு. மதில் மேல் காய்ந்த வெத்தலையோடு ஒரு தட்டு, இன்னும். நிருபர் உற்சாகமாகத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. பெரியப்பா மகன். அண்ணன்.

"நவநீத் உங்க சொந்தக்காரர்தானே? இந்த விசயத்தால குடும்பத்துக்கே அவமானம்னு சொல்றாங்களே?"

அண்ணன் கொஞ்ச நேரம் மதிலைப் பார்த்தார். "அது எங்க ஊட்டு வெசயமுங்க. நான் அவனை வெய்வேன், அடிப்பேன். நீங்க யாருங்க?" கதவு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. கை நீண்டு தட்டை உள்ளே எடுத்துக்கொண்டது.

பொள்ளாச்சியில் நிருபருக்கு ஒரு மூட்டைத் தேங்காய் கிடைத்தது. கடைசிக் காட்சியில் அதோடு பேருந்துக்கு நிற்கிறார். பெயர் எதுவும் இல்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். "அந்தச் சேலையை ஏங்கக்கா கட்டுனீங்க?"

"வேற எப்பக் கட்டறதாமா? உனக்காக நிக்கறதுக்குத்தான எடுத்தேன். நின்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "நூலு உடலை. நல்ல பட்டு."

செப்டம்பர் 21, ஞாயிறு

மேல் வீட்டு விளக்கு எரியவில்லை. தோசை கருகவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளிப் பலகாரம் தீரும் முன் மாமா வந்தார். பேத்திக்குக் கார்த்திகையில் கல்யாணம். மணி அடித்ததும் ஆரிஃப் வழக்கம்போல் மாடிப்படிக்குத் திரும்பினான். மாமா படிக்கட்டில்தான் நின்றிருந்தார்.

"எங்கீங்க போறீங்க? உங்களுக்கும் சேத்தித்தான் சொல்ல வந்திருக்கறேன்."

மூவரும் உட்கார்ந்தோம். தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினார். பச்சை மையில் முகவரி. செல்வன் இல்லை. "திரு. நாச்சிமுத்து குடும்பத்தார்."

நான் அதைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் படித்தேன். நான்கு வாக்கியத்தைப் பதினோரு முறை எழுதியவன். இவர் ஒரே முறையில் எழுதியிருக்கிறார், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மாமா ஆரிஃப் பக்கம் திரும்பினார். "உங்க அம்மா ஊடு எந்தப் பக்கமுங்க தம்பி? அவங்களுக்கும் நேர்ல போயிச் சொல்லோணுமல்ல?"

ஆரிஃப் முகத்தில் ரத்தம் இல்லை. "நான்... நானே சொல்லிக்கறேனுங்க மாமா. கொஞ்சம் டைம் வேணும்."

"செரிங்க. உங்க மொறை உங்க கையில. அவங்க காதுல போடறது நீங்கதான், நானில்லை. ஆனா ஒண்ணு, டிவில சொல்லீராதீங்க. இவனை மாதிரி."

வடை மூன்று சாப்பிட்டார். போகும்போது ஒரு செய்தி: அவிநாசி சாலையில் வெள்ளைத் தாளைக் கிழித்துவிட்டார்களாம். ராமாமணியம்மாள் மூன்று மாதம் யோசித்து எடுத்த முடிவு. "நம்ம ஊட்டு" என்பதற்குப் பிறகு "ஆளு" என்று எழுதியிருக்கிறதாம். கிரைண்டர் மட்டும் புது மாடல்.

மாமா போனபின் ஆரிஃப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உறையைக் கிழிக்கவில்லை, ஓரத்தைக் கத்தியால் மெதுவாகப் பிரித்து, உறையை மட்டும் தனியாகத் தன் கடைப் பையில் வைத்துக்கொண்டான். மதியம் பாத்திரம் தேய்க்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்:

"கல்யாணத்துக்கு நான் டிரைவரா வரமாட்டேன்."

"சரி."

"வண்டியை நீ ஓட்டு."

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்தேன். பெயர் கேட்டார்கள். நாச்சிமுத்து என்றேன். நாளைக் காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. காரை யாரும் பின்னாலிருந்து தள்ளமாட்டார்களாம், விசாரித்துவிட்டேன்.